கோயில் நடையும் கோதுமை வயல் பாறையும்

1999-ஆம் ஆண்டு மழைக்காலத் தொடக்கத்தில், பாறை ஏறுவதற்காக நீண்ட பயணமாக வெளிநாடு போவது என்று நானும் என் நண்பனும் முடிவு செய்தோம். போவது முடிவாகிவிட்டது, எங்கே என்பது முடிவாகவில்லை. அது முடிவாக மறு வருடம் ஜனவரி வரை ஆயிற்று. இடையில் நடந்ததைப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். சிலர் முன்பின்னாக மாற்றியும் சொல்கிறார்கள். எனக்கு எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பது முக்கியம். ஆகவே வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

என் வீடு மலையாள நாட்டுத் தலைநகரில், தமிழர்கள் நெருங்கி வாழும் ஆரியசாலையில். மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்த குடும்பம். நான் மட்டும் தும்மலுக்குப் பயந்து அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்துவிட்டேன். அவன் வீடு நடந்து போகும் தூரத்தில் வலியசாலை அக்கிரகாரத்தில். ஒரு கட்டடப் பொறியாளரிடம் வரைபடம் வரையும் வேலை. பள்ளியில் ஒரே பெஞ்சு. எண்பதுகளின் கடைசியில் ஒரு பயிற்சி முகாமில் கயிறு கட்டிப் பாறை ஏறக் கற்றுக்கொண்டோம். அதன் பிறகு மழை விட்ட மாதங்களில் இரண்டாம் சனிக்கிழமை என்றால் பொன்முடிக்குப் போகும் முதல் பேருந்தில் இருப்போம். ஒருவன் ஏறுவான். மற்றவன் கீழே நின்று அவனுடைய கயிற்றைப் பிடித்திருப்பான். விழுந்தால் தாங்க வேண்டியது அவன்தான். இப்படிப் பத்து வருடங்களுக்கு மேல் ஒருவன் எடையை மற்றவன் சுமந்திருக்கிறோம்.

வெளிநாட்டுப் பயணத்தை அவன்தான் முதலில் பேசினான். தேயிலைச் சரிவுக்கு மேலே ஒரு பாறையடியில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.

"டாக்டர் பறஞ்சது உன்கிட்ட சொல்லலையே. வலது தோள் மூட்டு தேஞ்சுபோச்சாம். மிஞ்சிப்போனா இன்னும் ரெண்டு சீஸன் ஏறலாம். அப்புறம் வீட்டு மாடிப்படி ஏறிக்கோன்னார்."

"உங்க வீட்டுல மாடியே கிடையாதே."

"அதைத்தான் நானும் சொன்னேன்."

சிரித்தான். பிறகு சட்னியைத் தொடாமல், "ஒரே ஒரு தடவை, நெஜமான ஒரு எடத்துக்குப் போயி மாசக்கணக்கா ஏறணும்டா" என்றான். அவன் அதுவரை ஊரை விட்டு இரண்டு இரவுக்கு மேல் போனதில்லை. அப்பா காலமாகிவிட்டார். ஒரே மகன், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா மணமாகி இதே ஊரில் பூஜப்புரைப் பக்கம் இருந்தாள். அம்மா முந்தைய வருடம் மாரடைப்பு வந்து பிழைத்திருந்தாள். அந்தப் பயணம் நடக்காமல் போனால் அவனுக்கு இனி எப்போதும் நடக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

இடத்தைத் தேடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். நூலகத்தில் நிலவியல் நூல்களும் பயண நூல்களும் படித்தேன். அப்போதுதான் ஸ்டாச்சூ பக்கம் இன்டர்நெட் கடைகள் வரத் தொடங்கியிருந்தன. ஒரு படம் திரையில் மேலிருந்து கீழாக இறங்கி முடிப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். எந்த மாதம் எங்கே மழை, எங்கே வெயில், என்ன பாறை, கூடாரம் அடிக்கலாமா, சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கட்டம் கட்டமாக எழுதினேன். கடைசியில் மூன்று இடங்கள் மிஞ்சின. தாய்லாந்தில் கிராபி பக்கம் கடலோரச் சுண்ணாம்புப் பாறைகள். ஜோர்டான் பாலைவனத்தில் வாதி ரம். மூன்றாவது, ஆஸ்திரேலியாவில் மெல்பர்னிலிருந்து பேருந்து பிடித்துப் போக வேண்டிய ஒரு குன்று. தட்டையான கோதுமை வயல்களுக்கு நடுவே, யாரோ கொண்டுவந்து இறக்கிவைத்தது போலச் செந்நிறமாக நிற்கும்.

நான் பாலைவனம் என்றேன். வரலாறு படித்தவனுக்கு அந்தப் பக்கம் ஒரு மயக்கம் உண்டு. அவன் கோதுமை வயல் பாறை என்றான். பாளையம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒரு பத்திரிகையில் அதன் படம் வந்திருந்தது. அதைக் கிழித்துத் தன் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தான். அந்தப் படத்தில் ஒரு செங்குத்து விரிசல். அதில் கைகளை நுழைத்தபடி பாதியில் ஒரு பெண் இருந்தாள்.

"அந்தப் பொண்ணு இப்பவும் அங்கேயே நிக்கறான்னு நெனச்சுக்கிட்டிருக்கியா?"

"எடா, பொண்ணைப் பாக்கலை. விரிசலைப் பாக்கறேன்."

"பாலைவனத்துலயும் விரிசல் இருக்கு."

"இந்த விரிசல் இல்லியே."

இந்தச் சண்டை ஆகஸ்ட், செப்டம்பர் முழுக்க நடந்தது. அக்டோபரில் நான் உலக வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, பேசித் தீர்த்துவிடலாம் என்று அவன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் விரித்து நான்கு மூலைக்கும் பாத்திரம் வைத்தோம். அவன் அம்மாவை நான் சிறுவயதிலிருந்து மாமி என்றுதான் கூப்பிடுவேன். மாமி எட்டிப் பார்த்து, "மொளகாய்க் கடைக்காரன் உலகத்தையே பாய் மாதிரி விரிச்சுட்டானே! ஆஸ்திரேலியா மேல இருக்கறது நேக்கு வேணுமாக்கும், ரசத்துக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்தக் கண்டத்தின் மேல் ஈயச்சொம்பு இருந்தது.

அப்போதுதான் அடுத்த வீட்டு மாமா வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். தெருக் கோடியில் இருக்கும் சின்னக் கோயிலின் காரியங்களை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாவியும் அவர் இடுப்பில்தான். வரைபடத்தைக் குனிந்து பார்த்து விசாரித்தார். விவரம் சொன்னோம்.

"அங்கேர்ந்து ஆத்துக்கு வந்து சேர எத்தனை நாழியாகும்?"

விமானம் எப்படி மாறிப் போவது என்று கேட்கிறார் என நினைத்து நான் விளக்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"அது சாதாரணமா வரதுக்கு. அவசரமா வரதானா?"

"அவசரமா வந்தாத்தான் மாமா ரெண்டு நாள். டிக்கெட் கிடைக்காட்டா மூணு."

மாமா மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நண்பன் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத்தான் அவர் எதற்குக் கேட்கிறார் என்று புரியவில்லை. காப்பியோடு வந்த மாமி போட்டு உடைத்தாள்.

"ஏன் சுத்தி வளைக்கறேள்? நான் போயிட்டேன்னா இவன் எத்தனை நாள்ல வந்து சேருவான்னு நேரா கேளுங்கோ."

"அபிஷ்டு மாதிரி பேசப்படாது. நான் பொதுவாக் கேட்டேன்."

"பொதுவாப் போறது யாரு? நான்தானே?"

அந்தத் தெருவின் வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். தெருவில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், உடல் தெருவை விட்டுப் போகிறவரை கோயில் நடை திறக்காது. விளக்கு கிடையாது, நைவேத்தியம் கிடையாது. சுவாமி பட்டினி கிடக்கும்போது தெருவில் அடுப்பு மூட்டுவதும் தவறு. பெரும்பாலும் அரை நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்பதால் யாருக்கும் கஷ்டம் தெரிந்ததில்லை. ஆனால் 1998-இல் எதிர்வீட்டுப் பெரியவர் காலமானபோது அவருடைய மகன் அமெரிக்காவில் இருந்தான். அவன் வந்து சேரும்வரை அவரை ஐஸில் வைத்திருந்தார்கள். கோயில் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. குழந்தைகளுக்குக் கிழக்கே கோட்டையிலிருந்து பன் வாங்கி வந்தார்கள். பெரியவர்கள் பின்கட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, விசில் கேட்காமல் இருக்க குக்கரில் வெயிட் போடாமல் சாதம் வடித்தார்கள். எல்லார் வீட்டிலும் அதுதான் நடந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கவில்லை. அதை அந்தத் தெரு மறக்கவில்லை. அந்த மகனையும் மன்னிக்கவில்லை.

மாமி காப்பியை ஆற்றிக்கொண்டே சொன்னாள். "ஐஸ்ல வெச்சுக்கலாம்னு மட்டும் நெனைக்காதேள். நேக்கு ஆஸ்துமா. ஜலதோஷம் பிடிச்சுக்கும்."

மாமா உட்படச் சிரித்தோம். நண்பன் சிரிக்கவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து இடம் தேடும் வேலை தலைகீழாகிவிட்டது. பாறை என்ன வகை, வெயில் எப்படி என்ற கட்டங்களெல்லாம் பின்னுக்குப் போயின. எத்தனை விமானம், எத்தனை மணி நேரம், பக்கத்தில் தொலைபேசி உண்டா என்ற கட்டங்கள் முன்னுக்கு வந்தன. ஆஸ்திரேலியாவை அவனே அடித்தான், பேனாவால், இரண்டு கோடு. எனக்குப் பாலைவனம் கிடைத்திருக்க வேண்டும்; நம் ஊரிலிருந்து வளைகுடாவுக்குத்தான் தினமும் விமானம் போகிறதே. ஆனால் பாலைவனத்துக்குள் கூடாரம் போட்டவனுக்கு யார் போய்ச் செய்தி சொல்வது? ஜீப்பில் கிராமத்துக்கு வந்தால்தான் போன். அதையும் அடித்தோம். தாய்லாந்து மிஞ்சியது. அது இருவருமே கேட்காத இடம்.

இதற்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. கோயில் வாசலில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கெட்ட எண்ணம் ஒருவருக்கும் இல்லை. அவன் போக வேண்டும் என்றுதான் விரும்பினார்கள். ஆனால் உடனே திரும்பி வரும்படியான இடமாகவும் இருக்க வேண்டும். தாய்லாந்துகூட அவர்களுக்குத் தூரம்தான்.

"கொழும்புக்குப் போயேன்டா" என்றார் மாமா. "ஏறி உக்காந்து வேஷ்டியைச் சரி பண்றதுக்குள்ள எறங்கிடலாம். அங்க மலை இல்லியா?"

"மலை இருக்கு மாமா. சண்டையும் இருக்கே. கயித்தோட ஒருத்தன் பாறையில தொங்கினா ரெண்டு பக்கத்துக்காரனும் சுடுவான்."

"அப்போ சிங்கப்பூர்."

"அங்க பாறை கெடையாது."

"கட்டடம் இருக்கே. நெட்டுக்குத்தானே ஏறணும் உங்களுக்கு?"

நண்பன் பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். நவம்பர் கடைசியில் ஒருநாள் மாலை, பேருந்துக்குக் காத்திருக்கும்போது, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்: "பொன்முடியே மதி, அது போதும். அங்கேர்ந்து பஸ்ஸு தப்பிப்போனாக்கூட ராத்திரி வந்துடலாம்."

"ரெண்டு பேருக்கும் லீவு சாங்ஷன் ஆயாச்சேடா."

"ஆயிக்கோட்டே. வெறுதே வீட்டுல இருப்பேன்."

நான் வாதாடவில்லை. அவனிடம் வாதாடலாம், அவன் அம்மாவின் இதயத்திடம் எப்படி வாதாடுவது? டிசம்பர் முழுக்க நாங்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. உலகம் முழுக்கப் புது ஆயிரத்தாண்டு பிறப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. அது உண்மையில் 2001-இல்தான் பிறக்கிறது என்று நான் அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லி அலுப்புத் தட்ட வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில், மகர சங்கராந்தி கழிந்த வாரம், ஒரு வேலை நாளில் மாமி என் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அதற்கு முன் ஒருபோதும் செய்ததில்லை. பதறிக்கொண்டு எடுத்தேன்.

"நேக்கு ஒண்ணுமில்லை. நீ ஒரு ஆட்டோ புடிச்சுண்டு ஆத்துக்கு வா. அவன்கிட்ட பறையாதே."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். கூடத்தில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு துணிப்பை, மருந்து டப்பா, விளக்கு, ஒரு சின்னச் சுவாமி படம். மாமி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குக் கிளம்பியவள் போல நின்றாள்.

"எங்க மாமி?"

"பொண்ணாத்துக்கு. பூஜப்புரைக்கு."

"எப்போ திரும்பி வருவீங்க?"

"இவன் போயிட்டு வந்தப்புறம்." பெட்டியை என் பக்கம் தள்ளினாள். "அது ஃபிளாட்டு. அங்க தெருவும் இல்லை, கோயிலும் இல்லை. மூணாம் மாடி. யாரு செத்தாலும் லிஃப்டு ஓடும். எத்தனை நாள் வேணும்னாலும் காத்துண்டிருக்கலாம், எந்த சுவாமியும் பட்டினி கிடக்காது. இவனால வர முடியலேன்னா, பொண்ணுவயத்துப் பேரன் இருக்கான், அவன் கொள்ளி வெப்பான். சாஸ்திரத்துல எடமிருக்கு. வாத்தியாரைக் கேட்டாச்சு."

"புரோகிதர்கிட்டயே கேட்டுட்டீங்களா?"

"பின்னே? உன்னையா கேப்பேன்? நீ கட்டம் போடுவே."

மகன் மேஜையிலிருந்த பத்திரிகைப் படத்தைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தாள். அதை என்னிடம் காட்டினாள். "எத்தனையோ வருஷமா தெனம் தூசி தொடைக்கறேன், இதைப் பாத்துண்டே. இங்கதானே போகணும் அவனுக்கு?"

"ஆமா மாமி."

"கோதுமை வயல்னு சொன்னே. அப்போ சப்பாத்தி கிடைக்கும். பட்டினி கிடக்க மாட்டான்."

கிளம்பும்போது மாமா தன் வாசலில் நின்றிருந்தார். மாமி ஆட்டோவிலிருந்து, "நடையை நன்னாத் திறந்து வெச்சுக்கோங்கோ. நான் கெடுக்க வரலை" என்றாள். அதில் கேலி எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. மாமா ஆட்டோ அருகே வந்து டிரங்குப் பெட்டி சரியாமல் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்தார். "ஹார்ட்டுக்கு மாத்திரை எடுத்துண்டேளா?" என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை பூஜப்புரை ஃபிளாட்டில் பெரிய சண்டை. நண்பன் வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். சட்டைப் பையில் பென்சில் இருந்தது.

"நீ இங்க எதுக்கு வந்தே? நான்தான் எங்கயும் போகலைன்னு சொல்லிட்டேனே!"

"நீ போகலைன்னா நான் இங்கயே வெறுதே உக்காந்திருப்பேன். மாப்பிள்ளைக்குப் பாரமா. உனக்கு அது செரியாப் படறதா?"

"அம்மா, ஏதாவது ஆச்சுன்னா..."

"ஆனா ஆகட்டும். உங்கப்பாவோட கடைசி நாழியில நீ பக்கத்து ரூம்லதான் இருந்தே. அவர் போறத்துக்கு அது தடையா இருந்துதா?"

அக்கா உள்ளேயிருந்து வந்து, "டேய், போய்த் தொலையேன்டா. அம்மா வந்ததும் என்னோட கட்டிலை எடுத்துண்டாச்சு. நீ போகாம இருந்தா எனக்கு அதுவும் நஷ்டம்" என்றாள். அவன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான். அப்படித்தான் இடம் முடிவாயிற்று. நான் பாலைவனத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. திறக்கவும் தோன்றவில்லை.

2000 மார்ச்சில் போனோம். அங்கே அது இலையுதிர் காலம். பைன் மரங்களுக்கு அடியில் கூடாரம், காலையில் குளிர், அறுவடை முடிந்த வயல்களின் வைக்கோல் மணம். பாறை எப்படி இருந்தது என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே ஒன்று மட்டும். படத்தில் இருந்த விரிசலை அவன் ஏப்ரலில் ஏறினான். கீழே கயிற்றைப் பிடித்திருந்த எனக்கு அவன் முகம் தெரியவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. கயிறு மட்டும் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது.

வாரம் ஒருமுறை பக்கத்து ஊருக்குப் போய் போன் செய்வான். கூண்டுக்குள் நின்று எண்களைத் தப்பாக அழுத்தி, மறுபடி முதலிலிருந்து அவன் தொடங்குவதை வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். பிறகு தோள் தளரும். வெளியே வந்து, "சீரியல் ஓடறதாம். சீக்கிரம் சொல்லுங்கறா" என்பான். ஒருமுறை மாமி கீழ்வீட்டு மலையாளப் பெண்மணிகளோடு காலையில் நடக்கப் போயிருந்ததால் போனுக்கே கிடைக்கவில்லை.

ஜூனில், மழையோடு மழையாக வந்து இறங்கினோம். அவன் முதல் வேலையாக வீட்டைத் திறந்து, ஆள் வைத்துக் கழுவி, பூஜை அலமாரியைத் துடைத்து, பால் சொல்லி வைத்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அழைத்துவர பூஜப்புரைக்குப் போனான். நானும் கூடப் போனேன். மாமி இளைத்து, நிறமாக இருந்தாள். பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆட்டோ நிக்கறதும்மா. பெட்டியை எடுக்கட்டா?"

"எதுக்கு அவசரம்?" என்றாள். "நீ இன்னும் கொஞ்ச நாள் எங்கயாவது போயிட்டு வாயேன். இவன் ஏதோ பாலைவனம்னு சொல்லிண்டிருந்தானே."

நண்பன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

"இங்க ரெண்டு வேளையும் பைப்புல வென்னீர் வரது. கோலம் போட வேண்டாம். நான் எத்தனை மணிக்கு எழுந்துக்கறேன்னு கேக்க ஆளில்லை. கீழ்வீட்டு அம்மா சீட்டு ஆடக் கத்துக் குடுத்திருக்கா. நான்தான் ஜெயிக்கறேன்." குரலைத் தாழ்த்தினாள். "புள்ளை ஊர்ல இருக்கறச்சே பொண்ணாத்துல இருக்கப்படாதுன்னு பறைவா. நீ ஊர்ல இல்லேன்னா ஒரு குழப்பமும் இல்லை, கேட்டியா."

அவன் முகம் வாடியதை நான் பார்த்தேன். தனக்காக அம்மா வீட்டைத் துறந்து போனாள் என்று அத்தனை மாதமும் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தவன் அவன். பால்கனிக் கம்பியருகே போனான். கீழே நின்ற ஆட்டோவைப் பார்த்துப் போகச் சொல்லிக் கையசைத்தான். பிறகு உள்ளே போய் அக்காவிடம், "உனக்குக் கட்டில் வாங்கித் தரேன்" என்றான்.

மறுநாள் மாமா அவனைக் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்டார். நானும் இருந்தேன்.

"அம்மாவை எப்போடா அழைச்சுண்டு வரப் போறே?"

"வரலை மாமா. அவளுக்கு அந்த எடம் பிடிச்சிருக்கு."

"நீ ஊர்ல இருந்துண்டே இப்படின்னா, நாலு பேர்..."

"பறையட்டும். எனக்குப் பிடிச்ச எடத்துக்கு நான் போனப்போ அவ தடுக்கலையே."

மாமா இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு, "ஃபிளாட்டுல லிஃப்டு கரண்டு போனா நிக்குமே, ஜெனரேட்டர் இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறது என்றான். "அப்போ செரி" என்று நடையைத் திறக்கப் போனார். அந்த வாரக் கடைசியில் நாங்கள் இருவரும் சேர்ந்து, மாமி கேட்டனுப்பிய தேங்காய்த் துருவியையும் ஊஞ்சல் பலகையையும் பூஜப்புரைக்குக் கொண்டுபோனோம். பலகை லிஃப்டுக்குள் நுழையவில்லை. அவன் தோளுக்காக அதை நான்தான் மூன்று மாடியும் தூக்கிக்கொண்டு ஏறினேன். அவன் பின்னால் வந்து, பாறையில் சொல்வது போலவே, அடுத்த காலை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொண்டே வந்தான்.